காப்பார் என்றுதானே நம்பினோம்? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். ஊர் வேறு, ஆள் வேறு, வந்த கஷ்டமும் வேறு. ஆனால் எல்லாரும் கேட்பது, கர்த்தர் நல்லவர், காப்பார் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொடுத்தீர்களே, அப்புறம் இது ஏன் நடந்தது என்பதுதான். அதனால் இந்த இதழில் இடம் முழுக்க அதற்கே. தசமபாகத்தை மொத்தச் சம்பளத்தில் கணக்கிடுவதா, பிடித்தம் போகக் கைக்கு வருவதில் கணக்கிடுவதா என்று கேட்ட மதுரைக்காரர் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: எங்கள் வீட்டில் இரவு குடும்ப ஜெபத்தில் 91-ஆம் சங்கீதம் சொல்லாமல் படுத்ததில்லை. என் மகன் பதினோராம் வகுப்பு. புத்தகம் பார்க்காமலே சொல்வான். போன மழைக்காலத்தில் டெங்கு வந்தது. நிலவேம்பு, பப்பாளி இலைச் சாறு, பிறகு ஆஸ்பத்திரி, பிளேட்லெட் ஏற்றினார்கள், சபை முழுக்க உபவாசம் இருந்து ஜெபித்தார்கள். ஒரு வாரத்தில் போய்விட்டான். துக்கத்துக்கு வந்தவர்களில் ஒருவர், வீட்டில் மறைவான பாவம் ஏதாவது இருந்தால் அறிக்கையிடுங்கள் என்றார். இன்னொருவர், நல்ல பூவைத்தான் தோட்டக்காரர் முதலில் பறிப்பார் என்றார். "வாதை உன் கூடாரத்தை அணுகாது" என்பது எங்கள் வீட்டுக்கு மட்டும் பொய்யா?
– ஒரு தாய், நாகர்கோவில்

பதில்: அம்மா, முதலில் அந்த மறைவான பாவக் கதையைத் தூக்கி வெளியே போட்டுவிடுங்கள். இதே கணக்கைப் போட்டுக்கொண்டு ஆண்டவரிடமே வந்தவர்கள் உண்டு. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, எருசலேமில் மற்ற எல்லாரையும்விட அவர்கள் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று அவரே கேட்டு, அவரே "அப்படியல்ல" என்று பதிலும் சொன்னார். அதோடு மனந்திரும்பவும் சொன்னார், சரி. ஆனால் யாரிடம் சொன்னார்? கதை கேட்டுக்கொண்டு நின்றவர்களிடம். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்குப் போய்ச் சொல்லவில்லை. யோபுவின் சிநேகிதர்கள் மூன்று பேரும் ஏழு நாள் வாயைத் திறக்காமல் தரையில் கூட உட்கார்ந்திருந்தார்களே, அந்தப் புத்தகம் முழுவதிலும் அவர்கள் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். பேச ஆரம்பித்ததும் கெட்டது. கடைசியில் தேவன் கோபப்பட்டது, சாம்பலில் உட்கார்ந்து தேவனையே கேள்வி கேட்ட யோபுவின்மேல் இல்லை, தேவனுக்கு வக்காலத்து வாங்கிய இவர்கள்மேல்.

பூ பறிக்கிற தோட்டக்காரர் கதையும் எனக்கு ஆகவே ஆகாது. ஆறுதலுக்காகத்தான் சொல்கிறார்கள், மனசு கெட்டுச் சொல்வதில்லை. ஆனால் வேதம் மரணத்தைத் தேவன் கையில் பூக்கூடையாக எங்கேயும் காட்டவில்லை. "பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம்" என்கிறார் பவுல். சத்துரு. லாசருவின் கல்லறைக்கு முன்னால் நின்று இயேசு அழுதார், இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் அழுதார். அதற்கு முன் மார்த்தாளும், பிறகு மரியாளும், ஒரே வார்த்தையைத்தான் அவரிடம் சொன்னார்கள்: ஆண்டவரே, நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்கமாட்டான். நீங்கள் கடிதத்தில் கேட்டிருப்பதும் அதுவேதான் அம்மா. அவர்களில் ஒருத்தியைக்கூட அவர் விசுவாசம் இல்லாதவள் என்று கடிந்துகொள்ளவில்லை.

இப்போது 91-க்கு வருகிறேன், ஏனென்றால் சுற்றிவளைத்துவிட்டு அதைத் தொடாமல் போனால் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். அந்தச் சங்கீதத்தை, "எனக்கு ஒன்றும் ஆகாது என்று தேவன் எழுதிக் கொடுத்திருக்கிறார்" என்ற அர்த்தத்தில் எடுத்துப் பேசுகிறவன் வேதத்தில் ஒருவன் இருக்கிறான். பிசாசு. ஆண்டவரை தேவாலயத்தின் உப்பரிகையில் நிறுத்தி, தாழக் குதியும், தூதர்கள் தாங்குவார்கள் என்று எழுதியிருக்கிறதே என்று இதே சங்கீதத்தைத்தான் சொன்னான். ஆண்டவர் குதிக்கவில்லை. சங்கீதம் பொய் என்றும் சொல்லவில்லை. அவன் அதைப் பிடித்த விதத்தைத்தான் தள்ளினார். பதினைந்தாம் வசனத்தைப் பாருங்கள், "ஆபத்தில் நானே அவனோடிருந்து" என்று இருக்கிறது. ஆபத்தே வராதவனுக்கு அந்த வரி எதற்கு?

அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தை நிறைய பிரசங்கிமார் ஆறாம் வசனத்திலிருந்து தொடங்குவார்கள். பேதுரு சிறையில், தூதன் வந்தான், சங்கிலிகள் விழுந்தன, இரும்புக்கதவு தானாகத் திறந்தது, அல்லேலூயா. இரண்டாம் வசனத்தில் ஏரோது யோவானின் அண்ணன் யாக்கோபைப் பட்டயத்தால் வெட்டிப்போட்டது இருக்கிறது, அதைத் தாண்டிவிடுவார்கள். ஒரே ஊர், ஒரே ராஜா, ஒரே சபை. பேதுருவுக்காக ராத்திரி முழுக்க ஜெபித்த சபை யாக்கோபுக்காகச் சும்மா இருந்திருக்குமா? யாக்கோபுக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்லிவிட முடியுமா? மறுரூப மலையில் கூட நின்றவன் அவன். அவன் அம்மாவை நினைத்துக்கொள்கிறேன். என் இரண்டு பிள்ளைகளையும் உம்முடைய ராஜ்யத்தில் வலது பக்கமும் இடது பக்கமும் உட்காரவையும் என்று வந்து கேட்ட அதே அம்மா. ஒரு மகன் கிழவனாகும்வரை இருந்தான் என்று சபை வரலாறு சொல்கிறது. மற்றவன் அப்போஸ்தலர்களிலேயே முதலில் போனான். ஏன் இவன், ஏன் அவன் இல்லை என்று லூக்கா ஒரு வரி விளக்கம் எழுதவில்லை. அவர் எழுதாததை நான் எழுதினால் நம்பாதீர்கள்.

அப்படியானால் வாக்குத்தத்தம் என்னதான்? ஆண்டவர் ஒருமுறை சீஷர்களிடம், உங்களில் சிலரைக் கொலைசெய்வார்கள் என்றார். ஒரே ஒரு வசனம் தள்ளி, உங்கள் தலைமயிரில் ஒன்றாகிலும் அழியாது என்றார். லூக்கா 21-இல் இருக்கிறது, 16-ஆம் வசனமும் 18-ஆம் வசனமும். கொலை செய்யப்படுவார்கள், ஒரு மயிரும் அழியாது. இரண்டும் எப்படிச் சேரும்? சாவுதான் கடைசி என்றால் சேராது. சாவைத் தாண்டியும் ஒரு ஆள் தேவனுடைய கையைவிட்டுப் போவதில்லை என்றால் சேரும். இதைத்தான் திருச்சபை நம்புகிறது, இதைவிடக் குறைவாகவும் இல்லை, இதைவிட அதிகமாகவும் இல்லை. அதிகமாகச் சொல்லித்தான் பலர் வீட்டில் பிள்ளை போனபிறகு விசுவாசமும் போகிறது.

இன்னொன்று. யூதர்கள் இந்த 91-ஐ இரவு படுக்கும்முன் சொல்கிறார்கள், உங்கள் வீட்டைப்போலவே. கல்லறைக்குச் சவம் எடுத்துப்போகும்போதும் சொல்கிறார்கள். மேற்கே ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தன் மடத்துத் துறவிகளுக்கு இரவின் கடைசி ஜெபத்தில் தினமும் சொல்லவேண்டும் என்று எழுதிவைத்த மூன்று சங்கீதங்களில் இது ஒன்று. கொள்ளைநோயை நேரில் பார்த்த தலைமுறைகள் அந்த மடங்களில் உண்டு. பாடையைப் பின்தொடர்ந்து நடந்துகொண்டே "வாதை உன் கூடாரத்தை அணுகாது" என்று சொன்ன ஜனங்கள், கண்ணெதிரே இருப்பதைப் பார்க்கத் தெரியாதவர்கள் இல்லையே. உங்கள் மகன் மனப்பாடமாகச் சொன்னது வீண் என்று நினைக்கவேண்டாம். நீங்கள் இப்போதைக்கு அதைச் சொல்ல முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள், பாவமில்லை. சபையில் மற்றவர்கள் சொல்லட்டும், உங்களுக்காகவும் சேர்த்து.

கேள்வி: புத்தாண்டு நள்ளிரவு ஆராதனை முடிந்து வாக்குத்தத்த அட்டை எடுத்தேன். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று வந்தது. பிப்ரவரியில் கம்பெனியில் ஆர்டர் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். அட்டை மாறி எடுத்துவிட்டேனா?
– பனியன் கம்பெனித் தொழிலாளி, திருப்பூர்

பதில்: அட்டை மாறவில்லை. வசனத்துக்கு மேலேயும் கீழேயும் இருப்பதை அட்டையில் அச்சடிக்க இடமில்லை, அவ்வளவுதான். எரேமியா அதை எழுதியது ஒரு கடிதத்தில், கி.மு. 597-இல் நேபுகாத்நேச்சார் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போன ஜனங்களுக்கு. வீடு போச்சு, தொழில் போச்சு, ஊர் போச்சு. அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவரும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். கூட்டம் அவன் பக்கம்தான் இருந்திருக்கும், யாருக்குத்தான் பிடிக்காது? எரேமியா எழுதினார்: எழுபது வருஷம். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள். கடிதத்தைக் கையில் வாங்கியவர்களில் முக்கால்வாசிப்பேர் எருசலேமைத் திரும்பப் பார்த்திருக்கமாட்டார்கள். அந்த ஆட்களுக்குத்தான் உங்கள் அட்டை வசனம்.

நல்ல நினைவு என்றால் மாதம் தவறாமல் சம்பளம் என்று கர்த்தர் சொல்லவில்லை. கைவிடவில்லை என்றுதான் சொன்னார். உங்களுக்கு இப்போது வேண்டியது வேலை. சபை ஆயரிடம் வெட்கப்படாமல் போய்ச் சொல்லுங்கள். திருப்பூரில் ஒரு ஞாயிறு கூட்டத்தில் எத்தனை பேர் கம்பெனி வைத்திருக்கிறார்கள், எத்தனை பேர் சூப்பர்வைசராக இருக்கிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். நிறுத்தும்போது பி.எஃப். கணக்கைச் சரியாக முடித்தார்களா என்றும் பார்த்துவிடுங்கள்.

அட்டை எடுக்கிற பழக்கம் கூடாது என்று சொல்லமாட்டேன், எனக்கும் பிடிக்கும். குறிசொல்லி சீட்டு எடுப்பதுபோல் ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

கேள்வி: அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை வியாதி, இன்சுலின் ஊசி போடுகிறவர். ஒரு ஜெபக்கூட்டத்தில், சுகத்தை அறிக்கை செய்தபிறகு மருந்து எடுப்பது அவிசுவாசம் என்று கேட்டுவிட்டு வந்து ஊசியை நிறுத்திவிட்டார். கர்த்தர் நல்லவர், பார்த்துக்கொள்வார் என்கிறார். நான் வற்புறுத்தினால் என்னைச் சாத்தான் பேசவைக்கிறான் என்கிறார்.
– மகள், விழுப்புரம் மாவட்டம்

பதில்: கடிதம் கிடைத்த அன்றே உங்கள் எண்ணுக்குப் போன் செய்து பேசியாயிற்று, அம்மா டாக்டரிடம் போய் மறுபடி ஊசி போட்டுக்கொள்கிறார் என்று கேட்டு நிம்மதி. இங்கே எழுதுவது, இதே காரியத்தைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிற மற்ற வீடுகளுக்காக. இன்சுலினைத் தானாக நிறுத்தியவருக்கு அடங்காத தாகம், வாந்தி, மூச்சிரைப்பு, தடுமாற்றம் என்று ஏதாவது தெரிந்தால் ஜெபத்துக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்கு. போகிற வழியில் ஆட்டோவில் ஜெபிக்கலாம்.

எசேக்கியா ராஜா சாகக்கிடந்தபோது கண்ணீரோடு ஜெபித்தார், பதினைந்து வருஷம் ஆயுசு கூட்டித் தருகிறேன் என்று கர்த்தரே வாக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஏசாயா என்ன சொன்னார்? அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடுங்கள் என்றார். வாக்குத்தத்தம் வாங்கின மனுஷனுக்கு மருந்து. பவுல் கூடவே கூட்டிக்கொண்டு திரிந்த லூக்கா வைத்தியன், அவரைப் பவுல் "பிரியமான வைத்தியன்" என்றுதான் எழுதுகிறார், "மனந்திரும்பின முன்னாள் வைத்தியன்" என்று எழுதவில்லை.

1527-இல் ஜெர்மனியில் விட்டன்பர்க் நகரத்தில் கொள்ளைநோய் பரவியது. பல்கலைக்கழகத்தையே யேனா நகரத்துக்கு மாற்றிவிட்டார்கள், மார்ட்டின் லூதரையும் கிளம்பச் சொன்னார்கள். அவர் போகவில்லை, மனைவி கர்ப்பமாக இருந்தும் தங்கி நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். அந்தச் சமயத்தில், நோய்க்குப் பயந்து ஒரு கிறிஸ்தவன் ஓடலாமா என்று பிரெஸ்லாவ் ஊர் போதகர்கள் கேட்டதற்கு அவர் எழுதிய பதில் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. பொறுப்பில் இருக்கிறவன், நோயாளியைக் கவனிக்க வேறு ஆள் இல்லாதவன், ஓடக்கூடாது; மற்றவன் போவது பாவமில்லை. ஆனால் மருந்தைத் தொடமாட்டேன், நோய் உள்ள இடத்தைத் தவிர்க்கமாட்டேன், தேவன் விரும்பினால் காப்பார் என்று சவடால் பேசுகிறவன் தேவனை நம்புகிறவன் இல்லை, பரீட்சை பார்க்கிறவன் என்று காட்டமாகவே எழுதுகிறார். தன்னால் நோய் தொற்றி இன்னொருவன் செத்தால் அதற்கும் அவனே பொறுப்பு என்கிறார். நோய் உள்ள ஊரில் தங்கத் துணிந்த மனுஷன் இதைச் சொல்வதால் யாரும் அவரைப் பயந்தாங்கொள்ளி என்று தள்ளிவிட முடியாது.

நம் பக்கத்தில் பார்த்தால் வேலூர் இருக்கிறது. அமெரிக்க மிஷனரி வீட்டுப் பெண்ணான ஐடா ஸ்கடர், இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் டாக்டரான தகப்பனாரோடு இருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவத்தில் தவிக்கிற மனைவிக்கு உதவ வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். ஆண் டாக்டரை அனுப்ப அந்த வீடுகளில் சம்மதிக்கவில்லை. இவருக்கு வைத்தியம் தெரியாது. காலையில் மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். ஐடா அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து, 1900-இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தார்; இன்றைய சி.எம்.சி., அதாவது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, அப்படி வந்ததுதான். அந்த இரவுக்கு அவர் ஜெபத்தில் கிடைத்த பதில் மருத்துவப் படிப்பு. உங்கள் அம்மா போடுகிற ஊசியையும் அதே கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: 2019 ஈஸ்டர் அன்று குண்டு வெடித்த சீயோன் தேவாலயத்துக்கு நான் பிந்திப் போனபடியால் உயிர் தப்பினேன். அதற்குப் பிறகு போகிற இடமெல்லாம் சாட்சி சொல்லச் சொல்லிக் கேட்கிறார்கள், "கர்த்தர் உங்களைக் காத்தார்" என்கிறார்கள். ஞாயிறு பள்ளி முடித்து வெளியே வந்து நின்ற பிள்ளைகளை அவர் காக்கவில்லையா? என்னால் அந்தச் சாட்சியைச் சொல்ல முடியவில்லை. சொல்லாவிட்டால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவேனோ என்றும் இருக்கிறது.
– மட்டக்களப்பிலிருந்து ஒருவர்

பதில்: தம்பி, உங்களால் சொல்ல முடியவில்லை என்பதே உங்கள் மனசு சரியான இடத்தில் இருக்கிறது என்பதற்கு அடையாளம். 2019 ஏப்ரல் 21 காலை கொழும்பு கொச்சிக்கடை, நீர்கொழும்பு கட்டுவப்பிட்டி, உங்கள் மட்டக்களப்பு என்று மூன்று ஆலயங்கள், அதோடு கொழும்பில் ஹோட்டல்கள். 250-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அவர்களில் ஆலயத்துக்கு வந்தவர்கள் வீட்டில் ஜெபித்துவிட்டுத்தான் கிளம்பியிருப்பார்கள். 2004 சுனாமியும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அப்போதும் உங்கள் பக்கம் நாவலடியில் நடந்ததை நான் சொல்லவேண்டியதில்லை. எங்கள் பக்கம் வேளாங்கண்ணியில் கோயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதிசயம் என்று இன்றும் பேசுகிறார்கள். கடற்கரை மணலில் அலை அடித்துக்கொண்டு போனவர்களும் அதே மாதாவைத் தேடி வந்த யாத்ரீகர்கள்தான் என்பதைச் சேர்த்துச் சொல்கிறவர்கள் குறைவு.

நன்றி சொல்லுங்கள். உயிரோடு இருப்பதற்கு நன்றி சொல்லாமல் எப்படி இருப்பது? தனியாக, முழங்காலில், எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஆனால் "நான் ஜெபித்தேன், அதனால் காத்தார்" என்று மைக்கில் சொல்லும்போது அந்த 'அதனால்' முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஒரு தகப்பனுடைய நெஞ்சில் போய்க் குத்தும். "நான் தப்பினேன், ஏன் நான் என்று எனக்குத் தெரியாது, கர்த்தருக்கு நன்றி, போன பிள்ளைகளுக்காக இன்றும் அழுகிறேன்" என்று சொன்னால் அதுவும் முழுச் சாட்சிதான். இதைச் சொல்ல விடாத மேடையில் ஏறாதீர்கள்.

சிலுவையைச் சுற்றி நின்று கேலி செய்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று நினைத்துப் பாருங்கள்: தேவன்மேல் நம்பிக்கையாயிருந்தானே, அவர் இவன்மேல் பிரியமாயிருந்தால் இப்பொழுது இரட்சிக்கட்டும். பிரியம் இருந்தால் காப்பார், காக்கவில்லை என்றால் பிரியம் இல்லை. நம் சபைகளில் பக்தியாகச் சொல்லப்படுகிற கணக்கும் பல நேரம் இதுதான். அன்று அது தப்பாய்ப் போனது. "மற்றவர்களை ரட்சித்தான், தன்னைத்தான் ரட்சித்துக்கொள்ளத் திராணியில்லை" என்றும் சொன்னார்கள், அது மட்டும் அவர்களை அறியாமல் சரியாய்ப் போனது. உங்கள் ஆலயத்திலேயே, குண்டோடு வந்தவனைச் சந்தேகப்பட்டு உள்ளே விடாமல் தடுத்த மனுஷன் இல்லாதிருந்தால், உள்ளே நிறைந்திருந்த கூட்டத்தில் எத்தனை பேர் போயிருப்பார்கள்? அவர்கள் காக்கப்பட்டார்கள். காத்தவர் காக்கப்படவில்லை. தேவன் காக்கிறார் என்று நான் பேச நேரும்போதெல்லாம் அந்த மனுஷன் முகம் எனக்கு முன்னால் வரவேண்டும் என்று வைத்திருக்கிறேன், வாய் கொஞ்சம் அடங்கும்.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் கடைசி அதிகாரத்தை ஒரே மூச்சில் படியுங்கள். ஆறாம் வசனத்தில், நான் தேகத்தை விட்டுப்போகிற காலம் வந்துவிட்டது என்கிறார், தலை போகப்போவது தெரியும். பதினெட்டாம் வசனத்தில், கர்த்தர் எல்லாத் தீமையிலிருந்தும் என்னைக் காப்பாற்றித் தம்முடைய ராஜ்யத்தில் சேர்ப்பார் என்கிறார். நடுவில் பதின்மூன்றாம் வசனத்தில், துரோவாவில் விட்டுவந்த மேலங்கியை எடுத்துக்கொண்டு வா என்றும் எழுதுகிறார், குளிர்காலம் வருகிறதாம். மூன்றும் ஒரே ஆளின் விசுவாசம்.

தூக்கம் வராமலோ, வெடிச்சத்தம் கேட்டால் உடம்பு நடுங்குவதோ இன்னும் இருந்தால் உளவள ஆலோசகரைப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம்.

கேள்வி: ஐ.டி. கம்பெனியில் இரவுப் பணி. விடியற்காலை கேபில் திரும்பும்போது பயமாக இருக்கிறது. விசுவாசிக்குப் பயம் வரலாமா?
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: வரலாம். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்று தாவீது பாடியது 56-ஆம் சங்கீதம்; பயப்படாத நாளில் என்று பாடவில்லை. கெத்செமனேயில் ஆண்டவரே திகிலடைந்தார் என்று மாற்கு எழுதுகிறார். ஜெபித்துக்கொண்டே வீட்டுக்கு லைவ் லொக்கேஷன் அனுப்புங்கள், கடைசியாக இறங்குகிறவர் நீங்கள் என்றால் பாதுகாவலர் கேட்டு மேலாளருக்கு எழுத்துமூலம் கொடுங்கள். உங்கள் உள்ளுணர்வு சரியில்லை என்று சொன்னால் அந்த வண்டியில் ஏறாதீர்கள்.

கேள்வி: கணவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். கூட்டிக்கொண்டு போய் வந்து, சமைத்து, பிள்ளைகளைப் பார்த்து, படுக்கும்போது ஜெபிக்க வாய் வரவில்லை. வந்தாலும் "ஏன்" என்றுதான் வருகிறது. கர்த்தர் நல்லவர் என்று பாடும்போது உதடு மட்டும் அசைகிறது. நான் பின்வாங்கிப் போய்விட்டேனா?
– சகோதரி, தஞ்சாவூர்

பதில்: இல்லை, களைத்துப்போயிருக்கிறீர்கள். எலியா சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றபோது தேவன் அனுப்பியது பிரசங்கம் இல்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு ஜாடித் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கவும் விட்டார். உங்கள் சபையில் சகோதரிகள் ஐக்கியம் இருந்தால் அவர்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்: டயாலிசிஸ் நாளில் மதியச் சாப்பாட்டை யாராவது ஒரு வீட்டார் கொடுத்தால் போதும். "உங்களுக்காக ஜெபிக்கிறோம்" என்பதைவிட ஒரு டிபன் கேரியர் சில நேரம் அதிகம் பேசும்.

"ஏன்" என்பது ஜெபம்தான். 88-ஆம் சங்கீதத்தைப் பாருங்கள், முதல் வரி தவிர மீதி முழுக்கப் புலம்பல், கடைசியில்கூட வெளிச்சம் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதை யாரும் வேதத்திலிருந்து வெட்டி எறியவில்லை. மனசு நிறைந்திருக்கிறவனுக்கு ஒரு சங்கீதம் வைத்தவர் வாய் வராதவளுக்கும் ஒன்று வைத்திருக்கிறார்.

டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் கீழே விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதுவரை ஓடி ஓடிப் பிள்ளைகளைக் காப்பாற்றி வளர்த்தவர். ஊர் ஊராக அவருக்காக ஜெபித்தார்கள், சுகம் வரவில்லை. 1951-இல் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் அந்த அறையோடுதான். அங்கிருந்தபடியே எழுதினார், பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேசினார். வலியை அழகு என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை, நோயாளிக்கு ஆறுதல் என்ற பெயரில் லேசாகப் பேசுகிறவர்கள்மேல் அவருக்குப் பொறுமையும் கிடையாது. தேவன் நல்லவர் என்பதை மட்டும் விடவில்லை. இதை உங்களுக்குப் பாரமாக்கச் சொல்லவில்லை, நீங்களும் புத்தகம் எழுதவேண்டியதில்லை. உதடு அசைகிறது இல்லையா, இந்த வருஷத்துக்கு அது போதும். மீதியைப் பக்கத்தில் நிற்கிறவர்கள் பாடுவார்கள்.

கேள்வி: என் பைக்கில் "இயேசுவின் இரத்தம் ஜெயம்" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். ஹெல்மெட் போடச்சொல்லி மனைவி தினமும் சண்டை. அது அவிசுவாசம் ஆகாதா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: ஆகாது. மனைவி சொல்வதைக் கேளுங்கள். பின்னால் உட்காருகிற அவருக்கும் ஒன்று வாங்குங்கள், ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து. கிளிப்பையும் மாட்டவேண்டும், சும்மா தலையில் கவிழ்த்துக்கொண்டு போனால் போலீஸ்காரர் மட்டும்தான் ஏமாறுவார்.